அம்புலியும் திறன்பேசியும்

திறன்பேசியும் சமூக ஊடகமும் சிறார் மனநலத்தை எவ்வாறு தாக்குகின்றன என்னும் வினா மருத்துவர்க்கே உரியது எனக் கருதுவார் உளர். குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடிய மொழியைப் பயில்வோர்க்கும் அவ்வினாவில் பங்குண்டு என்பது எம் கருத்து.

முதற்கண் சான்றுகளைக் காண்பாம். இந்திய ஊர்ப்புறச் சிறார் கல்வியை அளக்கும் 'ஏசர்' அறிக்கை 2024ஆம் ஆண்டில் 14 முதல் 16 அகவையினரை வினவியது. திறன்பேசியைக் கையாளத் தெரிந்தோருள் 57 விழுக்காட்டினர் முந்திய ஒரு வாரத்தில் அதனைக் கல்விக்குப் பயன்படுத்தினர். சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தினோர் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர்.

இதனால் விளையும் கேடு எத்துணைத்து என்பதில் அறிஞர் ஒருப்பட்டிலர். நாளொன்றுக்கு மூன்று மணிநேரத்திற்கு மேல் சமூக ஊடகத்திற் கழிக்கும் இளையோர்க்கு உளச்சோர்வு, பதற்றம் முதலியன நேரும் இடர் இருமடங்கு என அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2023இல் எச்சரித்தார். ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019இல் வெளியிட்ட ஆய்வோ, இளையோர் நலத்தில் காணும் வேறுபாட்டில் மின்னணுக் கருவிகளின் பங்கு 0.4 விழுக்காட்டினும் மிகாது என்றது. இத்தகைய ஆய்வுகள் பெரிதும் பொழுதின் அளவையே கணக்கிடுகின்றன. அப்பொழுதில் சிறார் அருகே இருந்தவர் யாவர், அவர்கள் இழந்தது யாது என்பன அக்கணக்கினுள் அடங்கா.

ஈண்டுப் பிள்ளைத்தமிழ் நமக்குத் துணைசெய்யும். தாலிலும் சப்பாணியிலும் வருகையிலும் குழவியை நோக்கிப் பேசுவார் ஒருவர் உளர். அம்புலிப் பருவம் சிறப்பாக நோக்கத்தக்கது. ஆங்கும் ஒளிரும் பொருளொன்றே குழவிக்குக் காட்டப்படுகிறது. அது மறுமொழி கூறுவதுமில்லை. ஆயின் தாய் இடைநின்று, சாம பேத தான தண்டம் என்னும் நால்வழியாலும் நிலவை அழைக்கிறாள். குழவி அவள் சொல்லையே பெறுகிறது. உணவூட்டும் பொருட்டுத் திறன்பேசியைக் கையிற் கொடுத்து அகலுங்கால் ஒளி எஞ்சுகிறது, சொல் நீங்குகிறது. 18 முதல் 24 திங்கள் நிரம்பிய குழவிக்குத் திரையைக் காட்ட விழையும் பெற்றோர் உடனிருந்து காணல் வேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் அறிவுறுத்தியதும் இதனோடு ஒத்ததே.

வளர்ந்த சிறார்க்கும் இஃது ஒக்கும். செக்காலையைத் தன்னகத்தே கொண்ட காரைக்குடியிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் பழைய வீடுகளின் நடுவே வளவு உண்டு. அதனைச் சூழ்ந்த அறைகள் ஒரு குடும்பத்துப் புள்ளிகளுக்கு உரியன. ஒரு சிறுவன் முகம் வாடின் அதனைக் காணும் கண்கள் பல. தனிமை விழையும் இளையோர்க்கு அவ்வாழ்வு இடுக்கணாதலும் உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் நள்ளிரவில் சமூக ஊடகத்தில் இழிசொற் கேட்டு உறக்கம் இழந்தானின் துயரை அடுத்த அறையில் உள்ளாரும் அறியார்.

ஆஸ்திரேலியா 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, 16 அகவைக்குட்பட்டோர் முதன்மையான சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தல் 2025 டிசம்பர் 10 முதல் தடுக்கப்பட்டது. சட்டம் கருவியை அகற்றலாம். துணையை அதனால் தரவியலாது. ஆதலின் 'எத்துணை மணிநேரம்' என வினவும் பெற்றோரும் ஆசிரியரும் 'யாருடன்' எனவும் வினவுதல் வேண்டும். மூத்தோர் தம் கையிலுள்ள திறன்பேசியைக் கீழே வைத்தல் அதற்கு முதற்படியாம்.