மூன்று நாள் கணக்கை மறக்காதீங்க!



செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் நம் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று காலேஜில் செஞ்சுருள் சங்கம் சொல்லித் தருகிறது. ஆனால் கிருமி பட்ட பிறகும் தடுக்க மாத்திரை உண்டு என்பது பல வீடுகளில் தெரியாது.

அது என்ன மாத்திரை?

கிருமி உடம்பில் நுழைந்ததும் வேர் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் மாத்திரையை ஆரம்பித்தால் பெருகவிடாமல் தடுக்கலாம். 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளைக்குள் ஆரம்பிக்கணும். 2 மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிடணும். பிறகு டாக்டர் சொல்லும் நாட்களில் ரத்தப் பரிசோதனை செய்யணும்.

யாருக்குத் தேவை?

* பயிற்சியில் ஊசி குத்திய நர்சிங் மாணவி
* ஆஸ்பத்திரிக் குப்பை அள்ளும்போது ஊசி குத்திய தூய்மைப் பணியாளர்
* பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் அல்லது குழந்தை
* எச்.ஐ.வி. உள்ளவரோடு உறவின்போது ஆணுறை கிழிந்தவர்

மாத்திரை தேவையா என்று டாக்டர்தான் முடிவு செய்வார்.

எங்கே போகணும்?

கீழ்ப்பாக்கம், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவு ராத்திரியிலும் உண்டு. தாம்பரம் சானடோரியம் அரசு ஆஸ்பத்திரியிலும் கூட்டு மருந்து சிகிச்சை மையம் இருக்கிறது. 1097-க்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

வெளியே தெரிந்துவிடுமே?

இந்தப் பயத்தில்தான் மூன்று நாளும் ஓடிவிடுகிறது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. விவரத்தை ரகசியமாக வைக்கணும். படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கக் கூடாது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவச சிகிச்சை தரணும். போலீஸுக்கு ஆஸ்பத்திரியே தகவல் சொல்லும். எனவே புகார் எழுதிய பிறகு போகலாம் என்று காத்திருக்காதீங்க.

சகோதரிகளே, பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "எதுக்கு அங்கே போனே?" என்று கேட்பதில் ஒரு நாள் போய்விடும். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, 1097 என்ற எண்ணை எல்லோரும் போனில் பதிந்துகொள்வோம்.