பிள்ளையார்பட்டிக் குன்றும் அதன் அடிநிலமும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் பாதையில், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிள்ளையார்பட்டியைச் செட்டிநாட்டில் அறியாதார் இலர். கற்பக விநாயகரைத் தரிசிக்க வரும் ஜனங்கள் ஆண்டு முழுவதும் அங்கே திரண்ட வண்ணம் இருக்கின்றனர். ஆயினும், அம்மூர்த்தி வேறிடத்தில் செய்து கொணர்ந்து நிறுத்தப்பட்டதன்று என்பதையும், குன்றைக் குடைந்து அதன் பாறையிலேயே சுமார் ஆறடி உயரத்துக்குச் செதுக்கப்பட்டதென்பதையும் ஊன்றிக் கவனிப்போர் சிலரே. அக்குடைவரையில் உள்ள பழங்கால எழுத்துக்களில் எருக்காட்டூரைச் சேர்ந்த பெருந்தச்சன் ஒருவனுடைய பெயர் பொறிக்கப்பட்டிருப்பதாக ஆராய்ச்சியாளர் சிலர் படித்துள்ளனர். வேறு விதமாகப் படித்தோரும் உளர். பெயர் எதுவாயினும், உளியை வைக்குமுன் அவன் குன்றைத் தட்டிப் பார்த்தே இருத்தல் வேண்டும். வெடிப்பு ஓடாத, நீர் கசியாத பாறையே அவனுக்கு வேண்டியிருந்தது. அதே குன்றின் சுற்றுப்புறத்தில் கிணறு வெட்டும் குடியானவனுக்கோ, வெடிப்பு ஓடிய, நீர் கசியும் பாறையே வேண்டும். தச்சன் தேடியது கிடைத்தது. குடியானவனுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

இதன் காரணத்தை அறியச் செட்டிநாட்டின் பூமி அமைப்பைச் சற்றே நோக்குதல் வேண்டும். மேற்கே திருப்பத்தூர்ப் பக்கத்தில் நிலத்தின் அடியில் இருப்பது கருங்கல் இனத்தைச் சேர்ந்த கடினப் பாறை. ஐம்பது கோடி வருஷங்களுக்கு முன்னரே பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிய கல் அது. கிழக்கே காரைக்குடிப் பக்கத்தில் அப்பாறை கீழே தாழ்ந்துபோக, அதன்மேல் மணற்கல்லும் களியும் படிந்து, அவற்றின் தலைப்பில் செம்புறாங்கல் மூடிக் கிடக்கிறது. இப்படிவுகள் கிழக்கே செல்லச் செல்லக் கனம் மிகுந்து கடலை நோக்கிச் சரிகின்றன. இராமநாதபுரம் ஜில்லாவில் எரிவாயு எடுக்கப்படுவதும் இப்படிவுப் பிரதேசத்திலேயாம். சிவகங்கையின் அருகில் வெளித் தெரியும் பழைய படிவுகளில், பத்துக் கோடி வருஷங்களுக்கு முற்பட்ட செடிகளின் இலைச் சுவடுகள் கல்லில் பதிந்து காணப்படுகின்றன. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பூமி அமைப்பை நடந்து ஆராய்ந்து ராபர்ட் புரூஸ் பூட் என்பார் 1883-இல் வெளியிட்ட அறிக்கையே இப்பக்கத்துக்கு முதன்மையான பழைய ஆதாரம். அந்நாளில் சிவகங்கை ஜமீன் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

ஆகவே பிள்ளையார்பட்டி, கல்நாடும் படிவுநாடும் சந்திக்கும் எல்லைக்கு அண்மையில் உள்ள ஊர் எனலாம். இவ்வெல்லையின் எப்பக்கத்தில் தம் நிலம் உள்ளது என்பதை ஒவ்வொரு மிராசுதாரும் அறிந்திருத்தல் அவசியம். கிணற்றில் போடும் பணம் நிலைப்பதும் தொலைவதும் இதைப் பொறுத்ததேயாம்.

கிணறும் பாறையும்

கடினப் பாறையின் உள்ளே தண்ணீர் தங்க இடமில்லை. பாறையின் மேற்புறம் வெயிலாலும் மழையாலும் உளுத்துப் பொடிந்த பகுதியிலும், அதற்குக் கீழே பாறையில் ஓடும் வெடிப்புக்களிலுமே ஊற்று உண்டு. உளுத்த பகுதி குன்றின் ஓரத்தில் மெல்லியதாகவும், கண்மாயின் கீழ்ப்பக்கத்திலும் பழைய ஓடைத் தடங்களிலும் ஆழமாகவும் இருப்பது வழக்கம். பெரியோர் கண்மாய்க்குக் கீழே கிணறு வெட்டியது இந்த அனுபவத்தால்தான். இக்காலத்தில் துளைக்கும் யந்திரம் வந்ததும், ஆழம் போகப் போகத் தண்ணீர் மிகும் என்னும் எண்ணம் பரவிவிட்டது. கல்நாட்டில் இது பெரும்பாலும் பொய்த்துவிடும். ஆழத்தில் வெடிப்புக்கள் குறைந்து ஒடுங்குகின்றன. பல நூறு அடி துளைத்தும் வெறும் கல்தூளே வெளிவந்த நிலங்கள் இப்பக்கத்தில் இல்லாமலில்லை. மேலும், மேல் ஊற்றை நிரப்புவது கண்மாயே. கண்மாய் பெருகாத வருஷத்தில் ஆழ்துளைக் கிணறும் நெடுநாள் தாங்காது.

படிவுநாட்டின் நிலை வேறு. மணற்கல் அடுக்குகளில் மழைநீர் இறங்கித் தங்கும். காரைக்குடிக்கு நன்னீர் அளித்துப் பெயர்பெற்ற சம்பை ஊற்று இதற்குச் சான்று. அங்கே ஆழத்துக்குச் சென்றாலும் பயன் உண்டு. ஆனால் மணல் சரிந்து குழாய் தூர்ந்துபோகாதபடி சல்லடைக் குழாய் இறக்குதல் வேண்டும். பக்கத்து ஊரில் பலித்த முறையை விசாரியாமல் தம் ஊரில் செய்து கெடுபவர், அவ்வூருக்கும் தம் ஊருக்கும் நடுவே இவ்வெல்லை ஓடுவதை அறியாதவரே.

செம்புறாங்கல்லும் அதன் மண்ணும்

செம்புறாங்கல் புதிதாகக் கீழிருந்து வந்த பாறையன்று. மழையும் காய்ச்சலும் மாறி மாறி வரும் நாடுகளில், மண்ணிலுள்ள சுண்ணாம்பு முதலிய சத்துக்கள் நெடுங்காலம் கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகியதே அது. வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் கெட்டிப்படும். இதற்கு மேல்நாட்டார் வழங்கும் பெயரை இட்டவர் பிரான்சிஸ் புக்கானன். மலையாளத்தில் அங்காடிப்புரத்தின் அருகே இக்கல்லைக் கண்டு எழுதிய அவருடைய நூல் 1807-இல் வெளிவந்தது. செட்டிநாட்டில் வீட்டின் அடித்தளத்துக்கும் மதிலுக்கும் இக்கல் ஏராளமாகச் சென்றுள்ளது.

இம்மண்ணின் குணம் அதன் பிறப்பிலிருந்தே விளங்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பல இடங்களில் புளிப்புத்தன்மை மிகுதி. இடும் மணிச்சத்தை இரும்பு பற்றிக்கொண்டு பயிருக்கு விடாது. ஆகையால் சூப்பர் பாஸ்பேட்டை வயல் முழுதும் தூவுவதைவிட, தொழுஎருவுடன் கலந்து பயிரின் வேர் அருகே விழும்படி இடுதல் நலம். நிலக்கடலை பயிரிடுவோர், விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடும்படி வேளாண்மை இலாகா கூறுவதைச் செலவு என்று கருதித் தள்ளலாகாது. காய் பிடித்தபின் பருப்பு நிரம்புவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இம்மண்ணில் போதிய அளவு இல்லை.

இப்பக்கத்திற் கிடைத்த கனிகள்

செம்புறாங்கல்லில் உள்ள இரும்பை முன்னோர் அறிந்திருந்தனர். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் புன்செய்களை உழும்போது கனத்த, துளைகள் நிறைந்த கருங்கட்டிகள் அகப்படுவதுண்டு. இவை எரிமலைக் கல்லும் அல்ல, வானிலிருந்து விழுந்தனவும் அல்ல. இரும்பு உருக்கிய உலைகளின் சிட்டமேயாம். இதே ஜில்லாவில் வைகைக்கரையில் உள்ள கீழடியில் 2014-15 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்புக் கருவிகளும் சிறு பொன் அணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் இந்நிலத்துக் கல்லன்று. தொலைவிலிருந்து வாணிகத்தில் வந்தது. எனவே ஓர் ஊரில் மணி கிடைத்தது என்பதால் அங்கே சுரங்கம் உண்டென்று எண்ணுதல் தவறு. ஏரில் இத்தகைய பொருள் அகப்பட்டு, அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்படின், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டுதல் தகும்.

கிணற்று மண்ணில் பளபளக்கும் தகடுகளைக் கண்டு பொன் என்று மயங்குவோர் இன்னும் உளர். அது காக்காப்பொன், நகத்தால் ஏடு ஏடாக உரிக்கலாம். கருங்கல் சிதைந்த இடங்களில் அது சாதாரணமாய்க் கிடைக்கும், அதற்கு விலையில்லை.

சிவகங்கை ஜில்லாவுக்குப் பெயர் தேடித் தந்த கனி வேறொன்று. சிவகங்கையை அடுத்த புதுப்பட்டி, குமாரிப்பட்டி, செந்தியுடையநாதபுரம் ஆகிய கிராமங்களின் பாறையில் கிராபைட்டு கலந்துள்ளது. பென்சில் ஈயம் என்று ஜனங்கள் சொல்லினும் இது ஈயமன்று. கரியின் ஓர் உருவம். தொட்டால் வழுவழுப்பாய் விரலில் கருமை ஒட்டும். காகிதத்தில் கோடு இழுக்கும். நெருப்பை எளிதில் சட்டை செய்யாது. மூசை, உலைச்செங்கல், பென்சில் ஆகியவற்றுக்கு நெடுநாளாகப் பயன்பட்டது, இன்று மின்சார வண்டிகளின் பாட்டரிகளுக்கும் இன்றியமையாததாயிற்று. பெருமளவு உற்பத்தி செய்யும் சீன தேசம் 1923-இல் அன்று, நேற்றுப்போன்ற 2023 டிசம்பரில் இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது ஒன்றே இதன் முக்கியத்தை விளக்கும். சிவகங்கைக் கிராபைட்டைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுத்து, கல்லைப் பொடித்து நீரில் நுரைக்கவிட்டு மிதக்கும் கரியைப் பிரிக்கும் ஆலையையும் அங்கேயே அமைத்தது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அப்பாறையில் கரி சராசரி 14 விழுக்காடே. அதாவது 100 டன் கல்லை வெட்டினால் கரி 14 டன். எஞ்சிய 86 டன்னும் கழிவு. அக்கழிவைக் கொட்ட இடமும், கழுவத் தண்ணீரும் வேண்டும். தம் கிணற்றில் கருங்கல் ஒன்று காகிதத்தில் கோடு இழுத்ததென்று நிலத்தின் விலையை ஏற்றிச் சொல்லும் தரகரிடம் முன்பணம் கொடுத்தோ வாங்கியோ ஏமாறுவதற்கு முன், அக்கல்லை ஜில்லாவின் புவியியல் சுரங்க இலாகா அலுவலகத்தில் காட்டி விசாரித்தல் நன்று.

கனி யாருடையது

நிலம் தம்முடையதாயின் அதன் அடியில் உள்ளதும் தம்முடையதே என்று மிராசுதார் பலர் எண்ணுகின்றனர். சிவகங்கை ஜமீனாக இருந்த பிரதேசம். ஜமீன் ஒழிப்புக்காக ஏற்பட்ட 1948-ஆம் வருஷத்து 26-ஆவது சட்டம், சர்க்கார் மேற்கொண்ட ஜமீன்களின் புறம்போக்கு, காடு, ஏரி ஆகியவற்றுடன் சுரங்கங்களும் கனிகளும் சர்க்காருக்கு மாறும் என்று விதித்தது. 2013-இல் சுப்ரீம் கோர்ட்டார், சட்டப்படி பறிக்கப்படாத வரையில் அடிநிலக் கனி நிலச்சொந்தக்காரரையே சாரும் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அவ்வழக்கு மலையாளத்து ஜன்ம நிலங்களைப் பற்றியது. அதை ஜமீன் நிலங்களுக்கு அப்படியே பொருத்திக் கொள்ளுதல் கூடாது. உடைமை எவருடையதாயினும், 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி அனுமதியின்றி எவரும் கனியை வெட்டி விற்க இயலாது.

2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கிராபைட்டு, டங்ஸ்டன் முதலிய முக்கிய கனிகளை ஏலமிடும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் சென்றது. இதன் விளைவை இப்பக்கத்தார் வெகு விரைவில் கண்டனர். மதுரை ஜில்லா மேலூர்த் தாலுகாவில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி என்று 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர், வரையறுக்கப்பட்டு, 2024 நவம்பரில் ஏலத்தின் முடிவு அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டியும் அதன் குன்றும் அப்பகுதியில் அடங்கும். அங்கும் பாறையில் குடைந்த சிவன் கோயில் உண்டு. குன்றின் நீரைப் பெறும் கண்மாய்களும் உண்டு. 2022-இல் அவ்வூரின் ஒரு பகுதி பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டும் இருந்தது. குடியானவர்கள் கிராம சபைகளில் தீர்மானம் செய்தனர். மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலம் சென்றனர். தமிழ்நாட்டுச் சட்டசபையும் 2024 டிசம்பர் 9-இல் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 ஜனவரி 23-இல் மத்திய சர்க்கார் அவ்வேலத்தை ரத்துச் செய்தனர். இவ்விஷயத்தில் கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எந்தச் சர்வே எண்ணில் எந்தக் கண்மாய், எவ்வளவு ஆயக்கட்டு, எத்தனை கிணறு என்று கணக்கில் திருத்தமாக இருந்த ஊர்கள் தம் கட்சியைத் தெளிவாக எடுத்துரைக்க முடியும். கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டபின் இக்கணக்கு கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பு.

பெருஞ்சுரங்கம் வருமோ வராதோ. சரளை வெட்டுதல் ஏற்கெனவே நடப்பது. சாலைக்கும் மனைக்கும் செஞ்சரளை வெட்டிய குழிகள் கண்மாயின் வரத்துக்கால் வழியில் அமைந்தால், மழைநீர் குழிகளிலேயே நின்றுவிடும். இந்த ஜில்லாவில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களிலேயே கொட்டிவிடும். அந்நாட்களில் கண்மாய்க்கு வராத நீர் பிறகு வருவதில்லை. ஒருவருடைய பட்டாவில் வெட்டிய குழிக்கு, கீழேயுள்ள ஐம்பது பேருடைய நன்செய் வாடுகிறது. இதைத் தடுப்பதில் ஊரார் காட்டும் தயக்கம் சிறிதும் பொருத்தமற்றது.

தாராளமாக வெட்டத் தக்க மண் ஒன்று உண்டு. அது கண்மாயின் வண்டல். செம்புறாங்கல் மண்ணில் கரைந்தோடிய சத்தில் ஒரு பகுதி அதில் வந்து தங்கியுள்ளது. அதை வண்டி வண்டியாகப் புன்செய்க்கு அடித்தது பழைய வழக்கம். 1959-ஆம் வருஷத்துச் சிறுகனிம விதிகள் வேளாண்மைக்காக வண்டலை இலவசமாக எடுக்க இடம் தருகின்றன. 2024-இல் செய்த திருத்தத்தால் தாசில்தாரே இதற்கு அனுமதி அளிக்கலாம். நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும் புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். கண்மாய் வற்றியிருக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் விண்ணப்பித்து, ஆவணி முடியுமுன் அடித்துவிட்டால், மழைக்குமுன் உழுது கலக்க அவகாசம் கிடைக்கும். கரையின் அடியிலும் மடையின் அருகிலும் மண் எடுக்கலாகாது. உள்வாயின் நடுவே பரவலாக, ஒரே ஆழத்துக்கு எடுத்தல் வேண்டும்.