எத்தனை பேர் சுடப்பட்டால் ‘மாஸ் ஷூட்டிங்’?

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்று மொபைலில் செய்தி வரும்போது கவனித்திருப்பீங்க. ‘இந்த ஆண்டின் இத்தனையாவது மாஸ் ஷூட்டிங்’ என்று ஒரு தளம் ஒரு எண்ணைச் சொல்லும். இன்னொரு தளம் வேறு எண்ணைச் சொல்லும். எது தவறு? இரண்டுமே தவறில்லை. அமெரிக்க மத்திய சட்டத்தில் ‘மாஸ் ஷூட்டிங்’ என்ற சொல்லுக்கு வரையறையே கிடையாது. அதனால் ஆளுக்கொரு கணக்கு.

இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. போலீஸ் எப்படிச் செயல்படணும், நிதி யாருக்குப் போகணும் என்பதும் வரையறையைப் பொறுத்ததுதான்.

எண்ணுவதற்கு ஒன்று

‘கன் வயலன்ஸ் ஆர்க்கைவ்’ என்ற லாபநோக்கமற்ற அமைப்பு, சுட்டவரைத் தவிர்த்து 4 பேருக்குக் குண்டடி பட்டாலே கணக்கில் சேர்க்கிறது. யாரும் இறந்திருக்க வேண்டியதில்லை. 2013 ஜனவரியில் வந்த மத்திய சட்டமோ, ஒரே சம்பவத்தில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட கொலைகள் நடந்தால்தான் ‘கூட்டக் கொலை’ என்கிறது. 10 பேர் காயமடைந்து எல்லோரும் பிழைத்துக்கொண்டால், முதல் கணக்கில் வரும்; இரண்டாவதில் வராது.

விரைந்து செயல்பட ஒன்று

எஃப்.பி.ஐ. பயன்படுத்தும் சொல் ‘ஆக்டிவ் ஷூட்டர்’. மக்கள் இருக்கும் இடத்தில் ஒருவர் ஆட்களைக் கொன்றுகொண்டோ, கொல்ல முயன்றுகொண்டோ இருக்கிறார் என்று பொருள். இதில் எண்ணே இல்லை. முதலில் போய்ச் சேரும் போலீசார் உடனே உள்ளே நுழைந்து அவரைத் தடுக்கணும்.

2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அங்கே போலீசார், ‘அறைக்குள் பதுங்கியிருக்கும் ஆள்’ என்று எடுத்துக்கொண்டு 70 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். ‘ஆக்டிவ் ஷூட்டர்’ என்று உடனே உணராததுதான் மிகப்பெரிய தவறு என்று அமெரிக்க நீதித்துறையின் 2024 அறிக்கை கூறியது.

உதவி தருவதற்கு ஒன்று

நீதித்துறையில் பயங்கரவாதம், பெருவன்முறை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கான அவசர நிதித் திட்டம் இருக்கிறது. குற்றவாளிகளிடம் வசூலாகும் அபராதம்தான் இதற்கு முக்கிய ஆதாரம். இங்கேயும் ‘இத்தனை பேர்’ என்ற எண் இல்லை. உள்ளூர் நிர்வாகம் சமாளிக்க முடியாத அளவுக்குச் சுமை கூடியதா என்றுதான் பார்க்கிறார்கள். உடல் காயத்தோடு மனக் காயமும் கணக்கில் வரும்.

ஆக, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்தால் சரிப்படாது. புள்ளிவிவரத்துக்கு எண் அவசியம். ஆனால், உயிரைக் காப்பாற்றப் போகிறவர் எண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

உங்க வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா?

அவசர உதவிக்கு 911. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் 50 மாநிலங்களிலும் உண்டு. காயமடைந்தவர் ஒருவரே என்றாலும் விண்ணப்பிக்கலாம். விதிகளும் காலக்கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் தாமதிக்க வேண்டாம். இந்தியத் துணைத் தூதரகத்தையும், நம்ம மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம்.

அடுத்த முறை அப்படியொரு எண்ணை ஃபார்வர்டு செய்வதற்கு முன், அது எந்த வரையறைப்படி வந்த எண் என்று ஒரு தடவை பார்த்துக்கோங்க.