திண்ணை வைத்த கப்பல்... தெரியுமா?

இளையாத்தங்குடி கைலாசநாதர், நித்யகல்யாணி கோயிலிலிருந்து மாலை வந்து இறங்கினால்தான் அந்தக் கோயில் நகரத்தார் வீட்டில் கல்யாணம் களைகட்டும். ஒன்பது நகரக் கோயில்களில் முதலாவது, ஏழு உட்பிரிவுகள் கொண்டது என்று பெருமை பேச ஆரம்பித்தால் பந்தி ஆறிவிடும். தாலி ஏறியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து கணக்கில் ஒரு 'புள்ளி'. அந்தப் புதுப்புள்ளி அடுத்த வாரமே என்ன செய்கிறது தெரியுமா? திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போய் விமானம் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, அங்கே ஒரு கப்பலில் ஏறிக்கொள்கிறது! அதுவும் பால்கனி வைத்த அறையில்! மேசை மேல் காபி, எதிரே மலாக்கா நீரிணை!

அதே தண்ணீரில்தான் அவர்கள் பாட்டையாக்கள் 'கொண்டுவிக்க'ப் போனார்கள். பினாங்கு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்கள். அவர்கள் போன கப்பலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ரஜூலா. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-கள் வரை ஓடியது. சுமார் 8,500 டன் கப்பல். அதில் எத்தனை பேரை ஏற்ற அனுமதி கொடுத்திருந்தார்கள் தெரியுமா? 5,000 பேருக்கும் மேல்!

இப்போது சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கெண்டிங் ட்ரீம் ஒன்றரை லட்சம் டன். ரஜூலா போலப் பதினேழு மடங்குக்கும் மேல். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் ஏறுவது சுமார் 3,350 பேர்தான்! (இந்த 'டன்' எடை இல்லை. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் அளவு. நானும் ரொம்ப நாள் எடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

இதற்குள் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ரஜூலாவில் மலிவான டிக்கெட் எது? டெக் டிக்கெட். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி, தளத்தில் இடம் பிடித்து விரிக்க வேண்டியது. கதவு கிடையாது, கட்டில் கிடையாது. மேல்தளத்தில் இடம் கிடைத்தவனுக்குக் காற்றும் நட்சத்திரமும் இலவசம். நாலு சுவரும் கதவும் வேண்டுமென்றால்தான் காசு கூட. இன்றைக்கு அப்படியே தலைகீழ்! நாலு சுவர் மட்டும் உள்ள உள்ளறைதான் இருப்பதிலேயே மலிவு. சன்னல் வைத்தால் கொஞ்சம் கூட. கதவைத் திறந்து காற்றில் நிற்க வேண்டுமென்றால் இன்னும் கூட. ஐயா சும்மா வாங்கிய காற்றைப் பேரன் டாலர் கொடுத்து வாங்குகிறான்!

பால்கனி எப்போது வந்தது? 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கில் சொந்தமாக நடைமாடம் வைத்த அறைத் தொகுதிகள் இரண்டே இரண்டு இருந்தன. கோடீஸ்வரர் சமாசாரம். 1984-இல் டயானா பெயர் சூட்டிய ராயல் பிரின்சஸ் கப்பலில் உள்ளறையே இல்லை. எல்லா அறையும் கடலைப் பார்த்தது, அதில் நிறைய அறைகளுக்குப் பால்கனி வேறு. அப்புறம் பிடித்த பைத்தியம்தான்! இன்று புதிதாகக் கட்டும் பெரிய கப்பல்களில் பாதிக்கு மேற்பட்ட அறைகள் பால்கனி வைத்தவை. நம் ஊருக்கு நல்ல சேதி இதுதான்: பால்கனி நிறைய இருக்கும் கப்பலில் அதன் விலை இறங்கி வரும், சொற்பமாக இருக்கும் பழைய கப்பலில் ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கப்பல் பிறந்த வருஷம். பெண் பார்ப்பது போலத்தான், ஜாதகம் முக்கியம்!

'பால்கனி' என்று எழுதியிருப்பதெல்லாம் பால்கனி இல்லை, தெரியுமா? முதல் வகையைப் பாருங்கள். நம் வீடுகளில் முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி அறைகள். 2009-இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலை அப்படியே வளவு வைத்துக் கட்டிவிட்டார்கள்! நடுவில் கப்பல் பிளந்து, வானம் தெரிய மரம் செடியோடு ஒரு பூங்கா. அதைப் பார்த்த பால்கனிகளில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு ஆச்சி தெரிவார், கடல் தெரியாது. பெரும்பாலும் கடல் பால்கனியைவிட விலை குறைவு. வளவில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சிதான், தாராளமாக எடுக்கலாம்.

அடுத்தது 'வர்ச்சுவல் பால்கனி'. 2014-இல் வந்த கூத்து. சன்னலே இல்லாத அறையில் 80 அங்குலத் திரையை மாட்டி, வெளியே கேமரா வைத்து, கடலை நேரடியாகக் காட்டுகிறார்கள். படத்தில் பொய்க் கைப்பிடி கூட உண்டு! மூன்றாவது 'பிரெஞ்சு பால்கனி'. கதவு திறக்கும், கம்பி தடுக்கும், காலை வெளியே வைக்க இடம் இருக்காது. 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து திப்ருகருக்கு 51 நாள் பயணம் கிளம்பிய கங்கா விலாஸ் ஆற்றுக் கப்பலில் இருப்பது இந்த வகைதான். குறை சொல்லவில்லை. பெயரைக் கேட்டு நாற்காலி போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி விலைக்கு வருவோம். கப்பல்காரன் கணக்கும் நகரத்தார் கணக்கும் ஒன்று, தெரியுமா? தம்பதி ஒரு புள்ளி. அங்கேயும் ஓர் அறை என்றால் இரண்டு பேர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் விலை ஓர் ஆளுக்கு, அதுவும் இருவர் சேர்ந்து தங்கினால். துணையை இழந்தவர்களை நம் ஊரில் அரைப்புள்ளி என்று எழுதி வரியில் பாதி கேட்பது உண்டு. கடலில் அரைப்புள்ளி கிடையாது! தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் காசையும் நீங்களே கட்ட வேண்டும். அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் பல நேரம் விலை ரொம்பக் குறைவு. அறைக்கு இரண்டு என்பதுதான் நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்வதால், பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள் ஏறினால் கப்பல் 108 சதவீதம் நிரம்பியது என்றெல்லாம் கம்பெனிகள் கணக்குக் காட்டும். கேட்டால் தலை சுற்றும், ஆனால் நிஜம்!

எப்போது வாங்குவது? இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மே மாதம் நம் பிள்ளைகளுக்கு லீவு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். சிங்கப்பூர்க் கப்பலின் விலையை ஏற்றுவதில் சிங்கப்பூர்ப் பள்ளிக்கூட லீவுக்குப் பெரிய பங்கு: மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், ஜூன் மாதம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து வருஷக் கடைசி வரை. அதோடு சீனப் புத்தாண்டு. இந்தத் தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு புதையல் உண்டு, பொங்கல் வாரம்! நமக்கு லீவு, அவர்களுக்குப் பள்ளிக்கூடம். சீனப் புத்தாண்டு ஜனவரியிலேயே வந்துவிடாத வருஷமாகப் பார்த்துக்கொண்டால் போதும். ஞாயிறு முதல் புதன் வரை போகும் பயணம் வார இறுதிப் பயணத்தைவிடப் பெரும்பாலும் மலிவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சூட்சுமம். கப்பல்களில் மீதித் தொகை கட்டுவதற்குக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். அன்றைக்கு எத்தனை பேர் பின்வாங்கினார்கள் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும். அறை காலியாகப் போனால் அவனுக்கு அறை வாடகை மட்டுமா நஷ்டம்? பார், சூதாட்டக் கூடம், வைஃபை, கரையில் சுற்றிக் காட்டும் பஸ் எல்லாமே நஷ்டம். அதனால் அந்தத் தேதியை ஒட்டி விலை இறங்குவது உண்டு. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பரவாயில்லை. மீதியைக் கட்டும் முன் விலை குறைந்திருந்தால் ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பல நேரம் குறைத்துப் போடுவார்கள். கேட்காமல் விட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். வட்டிக்கடை வைத்த பரம்பரைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

'கியாரண்டி' டிக்கெட் தெரியுமா? பால்கனி நிச்சயம், எந்த அறை என்பது பிறகு தெரியும் என்று எழுதித் தருவது. பந்தியில் உட்காருகிற மாதிரி, இலை உண்டு, எந்த இலை என்று கேட்கக் கூடாது. விலை குறையும். சில நேரம் அதிர்ஷ்டம் அடித்து இன்னும் நல்ல அறை கிடைக்கும், சில நேரம் லிஃப்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். உயிர்காப்புப் படகு பாதிக் காட்சியை மறைக்கும் பால்கனிகளும் மலிவாகக் கிடைக்கும். தளப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படகு காலடியில் தொங்குகிறதா, முகத்துக்கு நேரே தொங்குகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கப்பலின் நடு அறைகளில் ஆட்டம் குறைவு என்று காசு அதிகம் கேட்பார்கள். உண்மைதான், ஏற்றப்பலகையில் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் தெரியாதே! ஆனால் மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேயா, நடுவில் குளம் மாதிரி தண்ணீர். அங்கே போகிறவர்கள் நடு அறைக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுப்பதும் வீண் என்பது என் கட்சி.

இப்போது ஐந்தொகை போட்டுப் பார்ப்போமா? உள்ளறை ஆளுக்கு 30,000, பால்கனி 42,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வித்தியாசம் 24,000. மூன்று ராத்திரி, ராத்திரிக்கு 8,000. காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி அங்கே உட்காருவீர்கள் என்றால் மணிக்கு 4,000 ரூபாய்! உட்காருவீர்களா? நீச்சல்குளம், சாப்பாடு, ஷோ என்று அலைகிற ஆட்களானால் பால்கனி சும்மா கிடக்கும். துண்டு காயப்போடக் கூட விடமாட்டார்கள். நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தெரிந்தவர்களுக்கு, அல்லது கூட்டத்தில் இருக்க முடியாத வயதானவர்களுக்கு, அந்தக் காசு தகும். புதுப்புள்ளிக்கும் தகும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

விளம்பர விலைக்கு மேல் துறைமுகக் கட்டணம், தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று பணியாளர் டிப்ஸ் எல்லாம் வரும். இங்கே ஏஜெண்டிடம் வெளிநாட்டுத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது போனது போனதில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் ரசீதைக் கொடுக்க மறந்தவர்கள் ஊருக்குள் எத்தனை பேர்!

சிங்கப்பூர் வரை போகவே வேண்டாம் என்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகம் இருக்கிறது. 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்த கார்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல், அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையையே சுற்றிக் காட்டியது. அந்த எம்ப்ரஸ் 1990-இல் பிறந்தது. மேலே சொன்ன ஜாதகம் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்துக் கப்பல், பால்கனி அறைகள் கொஞ்சம்தான். அதில் போகிறவர்களுக்கு என் யோசனை: சன்னல் அறையை எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் போய் நில்லுங்கள், ஐயா மாதிரி.

நம் மாவட்டத்தின் பெயரிலேயே கப்பல் ஓடுவது தெரியுமா? 2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடத் தொடங்கிய படகின் பெயர் 'சிவகங்கை'! நாலு மணி நேரப் பயணம்தான். அறையும் கிடையாது, பால்கனியும் கிடையாது, பெயருக்காகவே ஒருமுறை ஏறலாம்.

கப்பலில் சும்மா இருந்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. நம் கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் சமாரியா கப்பலில் இருந்தார். காந்தி பிறந்த நாள். அந்தக் கப்பலில்தான் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. உலகம் பூராவும் அலைந்து துண்டு துண்டாகச் சேர்த்து 1940-இல் படத்தை வெளியிட்டே விட்டார்! 

சரி, கடைசியாக எந்தப் பக்கத்து அறை? 'பாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லே இந்தியா வரும் கப்பல்களில் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று பணக்காரர்கள் நிழல் பார்த்து அறை பிடித்ததால் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆதாரம் இல்லை. ஆனால் பினாங்குக்கு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து கப்பல் வடமேற்காகப் போகும்போது இடப்பக்கம் சுமத்ராவைப் பார்க்கும், சூரியன் விழுவது அந்தப் பக்கம். பினாங்கில் இறங்கி, வாட்டர்ஃபால் ரோட்டில் 1857-இல் நகரத்தார் கட்டிய தண்ணீர்மலையான் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறினால், அது தென்கிழக்காகத் திரும்பியிருக்கும். இப்போது அதே இடப்பக்கம் கிழக்கு வானத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே அறை, போகையில் அந்தி, வருகையில் விடியல்! டிக்கெட் போடும் தம்பியிடம் கப்பல் மூக்கைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு அநேகமாகத் தனிக் காசு கேட்கமாட்டார்கள்.