நாய்க்குக் கொடுக்கும் தோலும் நமது பொறுப்பும்

திருகோணமலை நகரை அண்டிய பாலையூற்று போன்ற குடியிருப்புகளில் வளவுக்குக் காவலாக நாய் வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். மிச்சச் சோறும் மீன் தலையுமே அதன் உணவாக இருந்த காலம் மாறி, இன்று பொதியிலடைத்த நாயுணவுகளும் மெல்லுவதற்கான பண்டங்களும் கடைகளுக்கு வந்துவிட்டன. எலும்பு வடிவில் முடிச்சிட்டு விற்கப்படும் உலர்ந்த தோல் அவற்றுள் ஒன்று. தோல் இயற்கையான பொருள்தானே, அதனால் என்ன தீங்கு நேரப்போகிறது என்று எண்ணுவோர் உளர். இந்த எண்ணம் முழுவதும் சரியன்று என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

மாட்டுத் தோலின் மேற்படை சப்பாத்து, பை முதலியன செய்யும் தொழிலுக்குச் செல்கிறது. பெரும்பாலும் உட்படையே நாய்ப் பண்டமாகிறது. மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைட்டும், வெண்மையாக்க ஐதரசன் பேரொட்சைட்டும் பயன்படுத்தப்படுவதுண்டு. பின்னர் கழுவி, உருக்கொடுத்து, உலர்த்துகின்றனர். ஆகவே கடையில் நாம் காணும் தோல், பல இரசாயனப் படிகளைக் கடந்து வந்த ஒரு தொழிற்சாலைப் பொருளாகும். 2017 ஜூன் மாதத்தில் அமெரிக்க நிறுவனமொன்று இத்தகைய தோல் பண்டங்களைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. உபகரணங்களைச் சுத்திகரிக்க உதவும் அமோனியச் சேர்மமொன்றை வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் சில தோலைப் பதப்படுத்தவே பயன்படுத்தியமை இதற்குக் காரணமாகும்.

எனினும் இரசாயனத்தைவிட அன்றாடம் அஞ்சவேண்டியது அடைப்பையே. மென்று மென்று இளகிய தோலை நாய் பெருந்துண்டாக விழுங்கினால் அது தொண்டையிலோ உணவுக்குழாயிலோ சிக்கக்கூடும். இரைப்பையை அடைந்தாலும் எளிதில் சமிக்காமல், நீரில் ஊறிப் பருத்துக் குடலை அடைக்கக்கூடும். எச்சில் ஒழுகுதல், ஓங்காளித்தல், ஓயாத வாந்தி, உணவை மறுத்தல், வயிறு வீங்குதல், மலங்கழியாமை ஆகியன இதன் அறிகுறிகள். இவை தென்பட்டால் தாமதியாது மிருக வைத்தியரை நாடவேண்டும். சில வேளைகளில் சத்திரசிகிச்சை ஒன்றே வழியாகும்.

மற்றொன்று கிருமி. விலங்குத் தோலிலும் காதிலும் செய்த பண்டங்களில் சல்மொனெல்லா பற்றீரியா இருக்கக்கூடும். 2019ஆம் ஆண்டில் நாய்களுக்கான பன்றிக் காதுப் பண்டங்களோடு தொடர்புபட்ட தொற்று அமெரிக்காவின் 34 மாநிலங்களில் 150க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. நோயுற்றவர்கள் நாய்கள் அல்லர், மனிதர்களே. தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் சிறுவருக்கு இதில் ஆபத்து அதிகம். இவ்வகைப் பண்டங்களுள் பன்றித் தோலில் செய்யப்பட்டவையும் உள்ளமையால், அவற்றை விற்கும் முஸ்லிம் வர்த்தகர்களும் வாங்குவோரும் பொதியில் மூலப்பொருளின் விபரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்றுண்டு. நாய் மூச்சுத் திணறுவதைக் கண்டு வீட்டுப் பிள்ளை அதன் வாய்க்குள் கைவிட்டால் கடி நேரலாம். கவ்விய தோலைப் பறிக்க முயன்றாலும் அவ்வாறே. விசர்நாய்க்கடி நோயின் வைரசு எச்சில் வழியே பரவுகிறது. நோய்க்குறிகள் தோன்றியபின் உயிர்தப்புதல் மிக அரிது. எனவே கடி சிறிதாயினும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ செல்லவேண்டும். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும் தவிர்க்கமுடியாத கடமையாகும்.

கடைத் தோலைப் பற்றிப் பேசும் நாம் தெருவில் கிடக்கும் தோலை மறக்கலாகாது. இறைச்சிக் கடைகளிலிருந்தும் பெருநாள், விருந்து வேளைகளிலும் எறியப்படும் தோல், குடல், எலும்பு என்பனவற்றைக் கட்டாக்காலி நாய்கள் வீதியெங்கும் இழுத்துச் செல்கின்றன. நோயுற்ற மாடு, ஆடுகளின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் நாயின் மலத்தினூடாக மனிதரை அடைந்து உள்ளுறுப்புகளில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும். உழ்ஹிய்யாப் பிராணியின் தோலை விற்று அதன் பணத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளவோ, அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கவோ மார்க்கம் இடமளிப்பதில்லை; அதனைத் தர்மமாக வழங்குவது வழக்கம். அவ்வாறு பேணப்படவேண்டிய தோல் வீதியோரத்தில் கிடப்பது பொருந்துமா? எஞ்சும் கழிவுகளை நாய்கள் கிளறாத ஆழத்தில் புதைப்பது எல்லாச் சமூகத்தவருக்கும் உரிய பொறுப்பாகும்.

மெல்லுதல் நாயின் இயல்பு. அதனால் பற்களில் படியும் அழுக்குக் குறைகிறது என்பதும் உண்மையே. ஆகவே தோலை அறவே விலக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. உற்பத்தி நாடும் மூலப்பொருளும் திகதியும் குறிக்கப்படாத பொதிகளை வாங்காதிருத்தல் நலம். நாயின் வாயைவிடப் பெரிய துண்டையே கொடுத்து, மெல்லி முடியும்வரை பெரியவர் ஒருவர் அருகிலிருக்க வேண்டும். துண்டு சிறுத்து இளகியதும், வேறு உணவைக் காட்டி அதனை விடச்செய்து அகற்றவேண்டும். அவசரமாக விழுங்கும் நாய்க்கும் குட்டிக்கும் தோலைத் தவிர்த்து, உறுதியான இறப்பர் விளையாட்டுப் பொருளைக் கொடுக்கலாம். தோலுக்குப் பதிலாகச் சமைத்த கோழி எலும்பைப் போடுவதும் தவறு. அது கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிட்டியதென நபிமொழி கூறுகிறது. வைரவரின் வாகனமாக நாயைக் கண்டவர்கள் தமிழ் மக்கள். வாயில்லாச் சீவனிடம் காட்டும் அன்பில் அறிவும் கலந்திருந்தால், அதன் உயிரோடு நம் பிள்ளைகளின் நலனும் காக்கப்படும்.