புரதமும் கூட்டத்தில் மெதுவாகத்தான் நகரும்

நல்லூர்த் தேரன்று கோயில் வீதியில் நடந்தவர்களுக்கு இது தெரியும். மற்ற நாட்களில் ஐந்து நிமிடத்தில் கடக்கும் தூரத்தை அன்றைக்கு அரை மணித்தியாலமாகியும் கடக்க முடியாது. கால்களில் பலம் குறையவில்லை. சுற்றிவர ஆட்கள், அவ்வளவுதான். நமது இரத்தத்திலும் மருந்துக் குப்பிகளிலும் இருக்கும் புரதங்களின் கதையும் இதுவே.

புரத மூலக்கூறு ஒன்றைத் தராசில் நிறுக்க முடியாது. 1920களில் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் தியோடர் ஸ்வெட்பேர்க் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு வழி கண்டார். கரைசலை அதிவேகமாகச் சுழற்றினால் அதிலுள்ள புரதங்கள் வெளிப்புறமாக அடையத் தொடங்கும். அவை அடையும் விதத்திலிருந்து நிறையைக் கணிக்கலாம். ஈமோகுளோபின் ஒரே நிறையுள்ள மூலக்கூறுகளால் ஆனது என்பதை அவர் இப்படித்தான் காட்டினார். 1926இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. இன்றைய பொறிகள் நிமிடத்துக்கு 60,000 தடவை வரை சுழல்கின்றன. அப்போது உண்டாகும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் இரண்டரை இலட்சம் மடங்கு.

இந்தக் கணக்கு, ஒவ்வொரு மூலக்கூறும் தனியே நகர்கிறது என்ற எண்ணத்தில் போடப்படுவது. உண்மையில் அப்படியில்லை. கீழிறங்கும் புரதம் தன் இடத்திலிருந்த நீரை மேலே தள்ளுகிறது. அந்த எதிரோட்டம் மற்றவற்றைத் தாமதிக்கச் செய்கிறது. ஒரே வகை மின்னேற்றம் கொண்ட புரதங்கள் ஒன்றையொன்று தள்ளவும் செய்கின்றன. ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருந்தாலே உருண்டையான புரதத்தின் வேகம் நூற்றுக்குச் சில வீதம் குறையும். நீண்ட நார் போன்ற புரதங்களில் இன்னும் கூடுதலாகக் குறையும்.

1946இல் ஜோன்ஸ்ரன், ஒக்ஸ்ரன் என்ற இருவர் இன்னொரு பொறியையும் விளக்கினர். விரைவாக அடைவதும் மெதுவாக அடைவதும் கலந்திருந்தால், மெதுவானது உள்ளதைவிடக் கூடுதலாகவும் விரைவானது குறைவாகவும் தோன்றும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் புரத மருந்துகள் ஊசியாக ஏற்றப்படுகின்றன. அவற்றில் புரதங்கள் ஒட்டித் திரண்டிருந்தால் நோயாளியின் உடல் மருந்தையே எதிர்க்கக்கூடும். திரளைகளே விரைவாக அடைபவை. கணக்கில் குறைத்துக் காட்டப்படுபவையும் அவையே!

ஆகவே ஆய்வாளர்கள் உப்புச் சேர்த்து மின்னேற்றத்தின் வேலையைக் குறைப்பார்கள். கரைசலைப் பல செறிவுகளில் சுழற்றி, செறிவு பூச்சியமானால் வேகம் என்னவாக இருக்கும் என்று கோடு வரைந்து காண்பார்கள். இதிலும் கவனம் வேண்டும்: ஐதாக்கும்போது தளர்வாக ஒட்டியிருந்த புரதங்கள் பிரிந்துவிடும்.

நம் வீடுகளில் பலருக்குப் பழக்கமான இன்சுலினும் அப்படித்தான். குப்பியில் பெரும்பாலும் ஆறு ஆறாகச் சேர்ந்திருக்கும் அது, உடலில் ஐதாகித் தனித்தனியாகப் பிரிந்தே வேலை செய்கிறது. ஆனால் உறைந்தாலோ கடும் வெப்பம் பட்டாலோ பிரிக்க முடியாதபடி திரண்டுவிடும். எனவே இன்சுலினை உறையவிடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் அதைப் போடாமல் மருந்தாளரிடம் காட்டுங்கள். மொழி தெரியாவிட்டால் குப்பியைக் கையில் கொண்டுபோனாலே போதும்.