வீதியைக் கடக்கும் எம் பிள்ளைகள்: நாடகம் தரும் பயிற்சி

காலை ஏழு மணி. பிரதான வீதியின் ஓரத்தில் வெள்ளைச் சீருடையுடன் நான்கைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். பாடசாலை மறுகரையில் இருக்கிறது. மூத்த பிள்ளை இளையவளின் கையைப் பிடித்திருக்கிறது. ஒரு பஸ் போகிறது. அதன் பின்னால் மணல் ஏற்றிய ரிப்பர். அதை முந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள்.

"இப்ப போவமா?"

"பொறு, அங்கால ஒரு வான் வருது."

"அது தூரத்திலதானே, மணி அடிச்சிட்டுது, ஓடு!"

ஓடிவிடுகிறார்கள். இன்று தப்பிவிட்டார்கள். இப்படித் தப்புவதையே நாம் பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்கிறோம்.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த வீதி புதிது. வாய்க்கால் கரையிலும் வயல் வரம்பிலும் நடந்து பாடசாலை சென்ற தலைமுறை எமது தலைமுறை. தொண்ணூறுகளில் வன்னிக்கு எரிபொருள் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்களைத் தவிர, சைக்கிள்தான் எங்கள் வண்டியும் அம்புலன்சும். வடக்குக்கான ரயில் 1990 இல் நின்றது. ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2009 இன் பின்னர் நிலைமை மாறியது. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகள் அகலமாகிக் காப்பெற் போடப்பட்டன. 2014 ஒக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வீதி வந்தது நல்லதே. நெல்லும் மரக்கறியும் சந்தைக்குப் போகின்றன, நோயாளி வைத்தியசாலைக்குப் போகிறார். ஆனால், வீதியோடு வேகமும் வந்தது. அந்த வேகத்தோடு எப்படி வாழ்வது என்பதை எமக்கு யாரும் கற்பிக்கவில்லை. அதனால் எம் பிள்ளைகளுக்கும் நாம் கற்பிக்கவில்லை.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000 இற்கும் மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் இறக்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 இல் உலகெங்கும் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் உயிரிழந்தனர். 5 வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் இறப்புக்கு முதற் காரணமாக இருப்பது வேறெந்த நோயுமல்ல, வீதி விபத்தே. போரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளையைப் பாடசாலை வாசலில் இழப்பதை எந்தத் தாயால் தாங்க முடியும்?

சொன்னால் போதாதா?

"வீதியைக் கடக்கும்போது வலம் பார், இடம் பார், மீண்டும் வலம் பார்" என்பது முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் மனப்பாடம். கேட்டால் பிழையின்றிச் சொல்லும். அதே பிள்ளை, மறுகரையில் அப்பாவைக் கண்டதும் எதையும் பாராமல் ஓடும். இதில் பிள்ளையைக் குறைசொல்ல இடமில்லை. ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதுவரை, வரும் வாகனத்தின் வேகத்தைப் பிள்ளைகளால் சரியாக மதிப்பிட முடிவதில்லை. அவர்கள் தூரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். தூரத்தில் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். உயரம் குறைவென்பதால், நிறுத்திய வாகனத்துக்கு அப்பால் வருவது அவர்கள் கண்ணில் படாது. சாரதியின் கண்ணிலும் அவர்கள் படமாட்டார்கள்.

எனவே, விதியைச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். மீதியை உடம்பு பழக வேண்டும். நீந்துவதைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாது. வீதியைக் கடப்பதும் அப்படியே. ஆனால், பிழைவிட்டுப் பழகுவதற்கு உண்மையான வீதி ஏற்ற இடமல்ல. பிழைவிடலாம், மறுபடி செய்து பார்க்கலாம், ஒருவருக்கும் காயம் வராது என்றிருக்கும் இடம் ஒன்று வேண்டும். நாடக அரங்கு அத்தகைய இடம்.

ஆறு செக்கன் விளையாட்டு

செயலமர்வை விளையாட்டு மைதானத்தில் தொடங்குங்கள். விளையாட்டுப் போட்டிக்கு வரையும் 100 மீற்றர் ஓட்டப்பாதை போதும். அதன் முடிவில், 7 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகளைச் சுண்ணாம்பால் வரையுங்கள். இருவழிப் பிரதான வீதியொன்றின் அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு பிள்ளையை நடந்து கடக்கச் சொல்லி, மற்றவர்கள் எண்ணட்டும். சுமார் ஆறு செக்கன் எடுக்கும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வான் அந்த ஆறு செக்கனில் சரியாக 100 மீற்றர் ஓடிவிடும். அதாவது, ஓட்டப்பாதையின் மறு முனையில் சிறு பொம்மைபோலத் தெரியும் வான், பிள்ளை மறுகரையில் கால் வைக்கும்போது பிள்ளையின் பக்கத்தில் நிற்கும். புத்தகப்பை விழுந்து ஒரு கணம் தாமதித்தால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. நூறு மீற்றர் தூரத்தைத் தம் கண்ணால் அளந்து பார்த்த பிள்ளைகள் தாமே சொல்வார்கள்.

அடுத்து, வாகனம் நிற்க எடுக்கும் தூரம். பிரித்தானிய வீதி ஒழுங்கு நூலின்படி மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், சாரதி ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து 12 மீற்றரில் நிற்கும். வேகம் இருமடங்காகி 64 ஆனால் 36 மீற்றர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு. மழையில் நனைந்த வீதியில் இவை இரட்டிக்கும். இரு கயிறுகளை இந்த நீளங்களுக்கு வெட்டி நிலத்தில் போட்டுக் காட்டுங்கள்.

பார்ப்போரும் நடிக்கும் அரங்கு

பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அகஸ்தோ போல் (1931-2009) தம் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு அயல்நாடுகளில் வாழ்ந்தவர். விவாத அரங்கு என்ற முறையை வளர்த்தவர் அவரே. ஒரு பிரச்சினையைக் காட்டும் குறுநாடகம் முதலில் நடிக்கப்படும். பின்பு அதே நாடகம் மறுபடி தொடங்கும். இம்முறை பார்வையாளர் எவரும் "நில்!" என்று கூறி மேடைக்கு வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை ஏற்று, தாம் என்ன செய்வார் என்பதைச் செய்துகாட்டலாம். தீர்வை மேடையிலிருப்பவர் சொல்வதில்லை, எல்லோரும் சேர்ந்து தேடுகிறார்கள். கொலம்பியாவின் தலைநகரான பொகோற்றாவில், 1995 இல் மேயரான அந்தனாஸ் மொக்கஸ் இன்னொரு வழியில் அரங்கைப் பயன்படுத்தினார். கடவையை மதியாத சாரதிகளையும் பாதசாரிகளையும் அபிநயத்தால் நையாண்டி செய்ய ஊமநாடக நடிகர்களைச் சந்திகளில் நிறுத்தினார். தண்டத்துக்கு அஞ்சாதவர் ஊர் சிரிப்புக்கு அஞ்சினர்.

எமக்கும் இது அந்நியமானதல்ல. கூத்தில் கட்டியகாரன் சபையோரோடு பேசுவதும் கேலி செய்வதும் நாம் அறிந்ததே. 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பாடசாலைச் சிறுவருக்கென நாடகங்களை எழுதினார். நாடகமும் அரங்கியலும் இன்று பரீட்சைக்குரிய பாடம். மிதிவெடி விழிப்புணர்வை எமது கிராமங்களுக்குக் கொண்டுவந்ததிலும் வீதி நாடகங்களுக்குப் பங்குண்டு. தெரியாத பொருளைத் தொடாதே என்பதை நாடகம் பார்த்துக் கற்ற சமூகம், வீதியையும் அவ்வாறு கற்க முடியும்.

பத்து நிமிட நாடகம்

எந்தப் பாடசாலையிலும் செய்யக்கூடிய ஒன்றைக் கீழே தருகிறோம். மேடையோ திரையோ தேவையில்லை. மரநிழல் போதும். ஆறு நடிகர்: அம்மா, அண்ணன், தங்கச்சி, பஸ் நடத்துநர், வான் சாரதி, கட்டியகாரன். நான்கு பிள்ளைகள் கைகோத்து நின்றால் அதுவே பஸ்.

அம்மா விடியமுதல் மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வருகிறார். பிள்ளைகளுக்குப் பிந்திவிட்டது. "கெதியா ஓடுங்கோ, ரீச்சர் பேசுவா" என்று அனுப்புகிறார். பஸ்ஸில் நெரிசல். பாடசாலைக்கு எதிரே பஸ் நிற்கிறது. "இறங்கு, இறங்கு" என்று நடத்துநர் அவசரப்படுத்துகிறார். அண்ணன் முன்னால் போய்விடுகிறான். தங்கச்சி நின்றிருக்கும் பஸ்ஸின் முன்பக்கத்தால் வீதிக்கு வருகிறாள். அதே நேரம் வான் சாரதி, நிற்கும் பஸ்ஸை முந்துகிறார். கையில் தொலைபேசி. கட்டியகாரன் "நில்!" என்கிறான். எல்லோரும் சிலையாகிறார்கள்.

இந்த இடத்தில் நாடகம் நின்றுவிட வேண்டும். மோதலைக் காட்டக் கூடாது. இரத்தத்தையும் மரணத்தையும் நேரில் கண்ட பிள்ளைகளும், அவற்றை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் எம்மிடையே உள்ளனர். அவர்களைப் பயமுறுத்திக் கற்பிக்கத் தேவையில்லை. அது கொடுமையுமாகும். உறவினரை விபத்தில் இழந்த பிள்ளை இருக்கிறதா என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். அப்பிள்ளை விரும்பாவிட்டால் விலகியிருக்க விடுங்கள்.

இப்போது கட்டியகாரன் சபையைக் கேட்கிறான்: "ஆர் எதை மாத்தினால் இந்தப் பிள்ளை தப்பும்?"

முதலில் எல்லோரும் தங்கச்சியைத்தான் திருத்த முனைவார்கள். பஸ் போகும்வரை ஓரத்தில் நில், பிறகு இரு பக்கமும் பார்த்துக் கட. இது சரியான விடை. செய்து பார்க்கட்டும். பின்பு, "வேறு ஆர்?" என்று கேளுங்கள். ஒருவர் அண்ணனாக வந்து தங்கச்சியின் கையை விடாமல் பிடிப்பார். இன்னொருவர் நடத்துநராகி முதலில் தான் இறங்கிப் பின்னால் வரும் வாகனத்தைக் கவனிப்பார். அம்மாவாக வருபவர் பத்து நிமிடம் முந்தி அனுப்புவார். அப்பொழுது "தண்ணி ஆர் இறைக்கிறது?" என்ற கேள்வி எழும். அப்பா எங்கே என்ற கேள்வியும் எழலாம். எழட்டும். கடைசியாக ஒருவர் வான் சாரதியின் இடத்துக்கு வருவார். தொலைபேசியைப் பையில் வைத்து, நிற்கும் பஸ்ஸைக் கண்டு வேகத்தைக் குறைப்பார். நாடகம் அங்கேயே முடிந்துவிடும். மற்றவர் எவரும் எதையும் மாற்றத் தேவையிராது.

ஏழு வயதுப் பிள்ளை பிழைவிடும். அது பிள்ளையின் இயல்பு. அப்பிழைக்கு உயிரை விலையாகக் கொடுக்காமல் பார்ப்பது வளர்ந்தவர்களின் கடமை. எனவே, இந்த நாடகத்தை மாணவருக்கு மட்டும் காட்டி முடித்துவிடாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் நடியுங்கள். பாடசாலை வான் சாரதிகள், ஓட்டோ ஓட்டுநர்கள், உழவு இயந்திரம் வைத்திருப்போர் ஆகியோரை அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள். பிள்ளைகள் தம்மையே நடித்துக் காட்டும்போது அவர்கள் கேட்பார்கள்.

எமது பக்கத்துப் பிழைகள்

விவசாயிகளாகிய நாமும் வீதியைப் பாவிக்கிறோம். அறுவடைக் காலத்தில் தார் வீதியில் நெல் காயவிடுகிறோம். பாதி வீதி நெல்லாகிவிட, சைக்கிளில் வரும் பிள்ளை நடுவீதிக்குத் தள்ளப்படுகிறது. பின்விளக்கில்லாத லாண்ட்மாஸ்ரர் பெட்டியை இருளில் ஓட்டி வருகிறோம். இரவில் சூடான தார் வீதியில் படுக்கும் மாடுகளைக் கட்டாமல் விடுகிறோம். தலைக்கவசத்தை நாம் போட்டுக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் பிள்ளைகளை வெறுந்தலையோடு ஏற்றுகிறோம். இவை ஒவ்வொன்றும் நல்ல நாடகக் காட்சிகள். பிள்ளைகள் இவற்றை நடித்தால் நாம் முதலில் சிரிப்போம், பிறகு தலைகுனிவோம்.

செயலமர்வின் பிற்பகலைச் செய்கைக்கு ஒதுக்குங்கள்:

1. சைக்கிள் சோதனை. முன் பிறேக், பின் பிறேக், மணி, விளக்கு, சங்கிலி ஆகியவற்றை மாணவரே இருவர் இருவராகப் பார்க்கட்டும்.

2. ஒளிதெறிக்கும் பட்டிகள். சைக்கிளின் பின் மட்காட்டிலும் புத்தகப்பையிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஒட்டுங்கள். மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக்கு இது உயிர்க்காப்பு.

3. நடைபயிற்சி. நடைபாதை இல்லாத வீதியில், எதிரே வரும் வாகனத்தைப் பார்க்கக்கூடியதாக வலப்பக்க ஓரத்தால் ஒருவர் பின் ஒருவராக நடக்கப் பழக்குங்கள். ஆசிரியர் துணையுடன் உண்மையான வீதியிலும் கடந்து பழகவேண்டும்.

4. ரயில் கடவை. கதவும் காவலாளியும் இல்லாத கடவையில் சைக்கிளை விட்டிறங்கி, நின்று, இருபுறமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டபின் கடக்க வேண்டும். காதில் பாட்டுக் கருவி கூடாது.

5. ஆபத்து வரைபடம். வீட்டிலிருந்து பாடசாலைவரையான வழியைப் பிள்ளைகள் ஒரு பெரிய தாளில் வரைந்து, தாம் பயப்படும் இடங்களைச் சிவப்பால் குறிக்கட்டும்.

இந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டியதோடு விட்டுவிடாதீர்கள். கல்வியால் பிள்ளைகளின் அறிவும் நடத்தையும் திருந்தும். ஆனால், வீதி திருந்தாமல் கல்வி மட்டும் உயிர்களைக் காத்துவிடாது. பாடசாலைக்கு முன்னால் மஞ்சள் கடவை, வேகத்தடை, அறிவிப்புப் பலகை, பற்றைகள் வெட்டப்பட்ட ஓரம் என்பன வேண்டும். வரைபடத்தின் பிரதியோடு, கிராம அபிவிருத்திச் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து எழுத்தில் கோருங்கள். உள்வீதியென்றால் பிரதேச சபைக்கு, ஏ-தர, பி-தர வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதுங்கள். பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தற்காலிகக் குடியிருப்பில் இருக்கிறோம், எமக்கு என்ன உரிமை என்று தயங்க வேண்டாம். இருப்பு தற்காலிகமானாலும் பிள்ளையின் உயிர் தற்காலிகமானதல்ல.

கடவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் பெற்றோர் இருவர் முறைவைத்து வாசலில் நின்று, சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்திவிடலாம். வாய்க்காலில் நீர் பாய்ச்ச முறைவைக்கும் நமக்கு இது புதிய வேலையல்ல. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, உங்கள் பாடசாலை வாசலில் முதலில் நிற்கப்போவது யார் என்பதை இந்தக் கிழமைக்குள் பேசி முடிவுசெய்யுங்கள்.